அஞ்சல் செய்தல்: இடைநிலையங்களும் தமிழ் மடல்களும்

'அஞ்சல்' என்றதும் நம் நினைவுக்கு முதலில் வருவது கடிதப் போக்குவரத்து. அஞ்சலகம், அஞ்சல்தலை, மின்னஞ்சல் என்னும் கிளைச்சொற்கள் யாவும் அந்தப் பொருளையே தாங்கி நிற்கின்றன. ஆயினும் இச்சொல் வேறிடங்களிலும் வழங்குகிறது. நால்வர் அணியில் ஒருவர் ஓடிவந்து கைக்கோலை அடுத்தவரிடம் ஒப்படைக்கும் போட்டியை அஞ்சலோட்டம் என்கிறோம். தொடரோட்டம் என்பாரும் உளர். ஒரு வானொலி நிலையத்தின் நிகழ்ச்சியை மற்றொரு நிலையம் வாங்கி ஒலிபரப்புவதை அஞ்சல் செய்தல் எனத் தமிழகத்தார் வழங்குவர். கடிதம் என்னும் பொருளும், ஒருவர் பெற்று அடுத்தவர் கையில் சேர்த்தல் என்னும் பொருளும் ஒரே சொல்லுக்குள் குடியிருக்கின்றன.

இது தற்செயலன்று. திருவிதாங்கூரும் கொச்சியும் தமக்கென நடத்திய கடிதப் போக்குவரத்துக்கு 'அஞ்சல்' என்றே பெயர். 1951இல் இந்திய அஞ்சல் துறையுடன் இணையும்வரை அது தனித்து இயங்கிற்று. அதன் ஓட்டக்காரர் மணி கட்டிய கோலோடு ஓடுவார். தம் எல்லை வந்ததும் பையை அடுத்தவரிடம் கொடுத்துவிடுவார். கடிதம் என்பதே கைமாறிக் கைமாறிச் செல்வது என்பதை அச்சொல் மறைக்காமல் சொல்கிறது.

மின்னஞ்சலும் அவ்வாறே செல்கிறது. நாம் எழுதும் மடல் நேரே நண்பரின் கணினிக்குப் போய்ச் சேர்வதில்லை. ஓர் அஞ்சல் வழங்கி அதனைப் பெறுகிறது, மற்றொன்றிடம் ஒப்படைக்கிறது, அது வேறொன்றிடம் தருகிறது. இடையில் நின்று வாங்கிக் கொடுக்கும் இந்த வழங்கியை எவ்வாறு அமைப்பது, அதன் எந்த வாசலைத் திறப்பது, எதனை மூடுவது என்பதைக் கணினித் துறையினர் தம் தொழில்நுட்பமாகவே கருதுவர். மொழியைக் கற்றவன் இதில் தலையிடுவதற்கு ஒரு காரணம் உண்டு. அந்த வாசல்கள் வழியாகத் தமிழும் சென்றிருக்கிறது. சில காலம் செல்ல முடியாமல் நின்றுமிருக்கிறது.

இவ்வகை வழங்கிக்குப் பெயர் தேடியபோது முதலில் 'கைமாற்று' என எழுத நினைத்தேன். நம் வழக்கில் அது வட்டியில்லாச் சில்லறைக் கடன். 'கடத்தி' என்றால் சுங்கத் துறையினர் ஐயுறுவர். ஆகவே இவ்வுரையில் 'இடைநிலையம்' எனவும், அதன் தொழிலை 'அஞ்சல் செய்தல்' எனவும் குறிப்பேன். இடைநிலையத்திற்கு இரண்டு கடமைகள் உண்டு. வந்ததை மாற்றாமல் கொடுப்பது ஒன்று. தான் யாருக்காக நிற்கிறதோ அவர்க்கு மட்டும் உழைப்பது மற்றொன்று. மின்னஞ்சல் உலகம் இவ்விரண்டையும் வெவ்வேறு காலத்தில், வெவ்வேறு இடர்ப்பாடுகளின் வழியே கற்றுக்கொண்டது. இரண்டாம் கடமையின் கதை கணினி வரலாறுகளில் விரிவாக இடம்பெறும். முதலாம் கடமையின் கதையில் தமிழர்க்குப் பங்கு உண்டு; நம் வகுப்பறைகளில் அது பேசப்படுவது குறைவு.

இந்தக் கதையை ஜோர்ஜ்டவுனிலிருந்து தொடங்குவது பொருத்தம். மின்னஞ்சலுக்கு ஒரு நூற்றாண்டுக்கு முன்னரே இந்நகரம் இடைநிலையமாக இருந்தது. 1870இல் பிரிட்டிஷ் இந்தியன் எக்ஸ்டென்ஷன் தந்தி நிறுவனம் சென்னையிலிருந்து வங்கக் கடலின் அடியே பினாங்குக்கும், பினாங்கிலிருந்து சிங்கப்பூருக்கும் வடம் இடும் பணியில் இறங்கியது. 1871இன் தொடக்கத்திற்குள் அவ்வழி திறந்தது. அதே ஆண்டில் சிங்கப்பூரிலிருந்து ஹாங்காங்கிற்கு வடம் நீண்டது. 1872இல் ஆஸ்திரேலியாவும் இணைந்தது. 1873இல் இந்நிறுவனங்கள் ஒன்றுசேர்ந்து ஈஸ்டர்ன் எக்ஸ்டென்ஷன் என்னும் பெரிய நிறுவனமாயின.

சென்னைக்கும் பினாங்குக்கும் இடைப்பட்ட கடல்வழி ஆயிரம் கடல்மைலுக்கும் மிகுதி. அத்தனை நீண்ட வடத்தில் குறி மெலிந்துவிடும். மறுமுனையில் அதைக் காண வில்லியம் தாம்சன் அமைத்த ஆடிக் கருவி வேண்டியிருந்தது. சிறு ஆடியில் பட்டுத் திரும்பும் ஒளிப்புள்ளி இடமும் வலமுமாக அசைவதைக் கண்டு ஒருவர் எழுத்துகளைச் சொல்ல, மற்றொருவர் எழுதிக்கொள்வார். பின்னர்த் தாம்சனின் மைக்குழாய்க் கருவி அந்த அசைவைத் தாளில் அலைகோடாக வரைந்து தந்தது. எவ்வாறாயினும் செய்தி அடுத்த வடத்திற்குத் தானாகத் தாவவில்லை. இடைநிலையத்துப் பணியாளர் படித்தறிந்து, தம் கையால் மறுபடி தட்டி அனுப்பினர். அங்கு இடைநிலையம் என்பது கண்ணும் கையும் உள்ள ஒரு மனிதர்.

அந்த மனிதருக்குத் தமிழ் தெரிந்திருக்க வேண்டிய தேவை இருக்கவில்லை. பன்னாட்டுத் தந்தி ரோமன் எழுத்தில் சென்றது. மலாயாவிலிருந்து தமிழகத்துக்கு மரணச் செய்தியோ மணச் செய்தியோ அனுப்பியவர் ஆங்கிலத்தில் எழுதினார். அல்லது தமிழை ரோமன் எழுத்தில் பெயர்த்தார். பெயர்த்தால் நேர்வதென்ன? ரோமன் எழுத்து ஐந்தில் 'பழம்' என எழுதினால் அதே ஐந்தெழுத்து பலம் என்றும் பாலம் என்றும் படிக்கப்படும். லகர ளகர ழகரம் மூன்றும் ஓரெழுத்தில் ஒடுங்கும். நகர ணகர னகரம் மூன்றும் அவ்வாறே. பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்னும் வேறுபாட்டைக் கொண்டு ஒலிகளைப் பிரித்துக் காட்டலாமே என்று பின்னாளில் தோன்றிய உத்தியும் அங்கே உதவாது. மோர்ஸ் குறியில் பெரிய எழுத்தும் இல்லை, சிறிய எழுத்தும் இல்லை. எழுத்துப்பெயர்ப்பில் எந்த வேறுபாடு பிழைக்கும், எது அழியும் என்பதை மொழியறிஞர் முடிவு செய்யவில்லை; வடம் முடிவு செய்தது.

இடைநிலையத்தின் முக்கியத்துவத்தைப் போர் நன்கு அறியும். 1914 அக்டோபர் 28ஆம் நாள் ஜெர்மானியப் போர்க்கப்பல் எம்டன் பினாங்குத் துறைமுகத்துள் புகுந்து ரஷ்யக் கப்பல் ஒன்றையும் பிரெஞ்சுக் கப்பல் ஒன்றையும் மூழ்கடித்தது. அதற்குச் சற்று முன்னர் செப்டம்பர் 22இல் அது சென்னையைச் சுட்டதனால் 'எம்டன்' என்பது எமகாதகனைக் குறிக்கும் தமிழ்ச் சொல்லாகவே நிலைத்துவிட்டது. அதன் இறுதிப் பயணம் நவம்பர் 9ஆம் நாள் கோக்கோஸ் தீவுகளை நோக்கியது. அங்கே பட்டணமில்லை, கோட்டையில்லை. இருந்தது ஈஸ்டர்ன் எக்ஸ்டென்ஷன் நிறுவனத்தின் தந்தி இடைநிலையம். அதை வெட்ட இறங்கியவர்கள் வேலையை முடிப்பதற்குள் நிலையத்தார் அபாயச் செய்தியை அனுப்பிவிட்டனர். ஆஸ்திரேலியக் கப்பல் சிட்னி விரைந்து வந்தது. எம்டனின் ஓட்டம் அங்கே முடிந்தது.

இனி மின்னஞ்சலுக்கு வருவோம். இன்றளவும் உலகின் வழங்கிகள் தமக்குள் பேசிக்கொள்ளும் நெறிமுறையின் அடிப்படையை 1982 ஆகஸ்டில் ஜான் போஸ்டல் எழுதினார். ஆர்எஃப்சி 821 என்பது அந்த ஆவணத்தின் எண். அதன் உரையாடல் நடை வியக்கத்தக்க எளிமையுடையது. வரும் வழங்கி வணக்கம் சொல்லித் தன் பெயரைக் கூறும். யாரிடமிருந்து வருகிறது என்று சொல்லும். யாருக்கு என்று சொல்லும். பின் மடலை ஒப்படைக்கும். பெறும் வழங்கி ஒவ்வொன்றுக்கும் மூன்றிலக்க எண்ணால் மறுமொழி தரும். இடைநிலையம் தன் பங்காக மடலின் தலைப்பகுதியில் 'இன்னாரிடமிருந்து இந்நேரத்தில் பெற்றேன்' என ஒரு வரி சேர்க்கும். இது பழைய அஞ்சலகங்கள் உறையின்மேல் குத்திய முத்திரைக்கு நேரானது. முத்திரை குத்தலாம், உறைக்குள் கை வைத்தல் கூடாது.

இவ்வாவணத்தில் அமைந்த இரண்டு செய்திகள் பின்வந்த வரலாற்றையெல்லாம் ஆட்டிப் படைத்தன. முதலாவது, மடலின் எழுத்து ஒவ்வொன்றும் ஏழு பிட் கொண்ட ஆஸ்கி எழுத்தாக இருத்தல் வேண்டும். எட்டாம் பிட் சுழியாக இருக்கும். ஏழு பிட்டில் அடங்குபவை 128 இடங்கள். அவற்றுள் கட்டுப்பாட்டுக் குறிகளைக் கழித்து எஞ்சுவன ஆங்கிலத்திற்கே சரியாகப் போதும். தமிழின் 247 எழுத்துக்கு அங்கே இடம் கேட்க யாரும் இருக்கவில்லை. இரண்டாவது, யாருடைய மடலையும் யாருக்கும் அஞ்சல் செய்வது இயல்பான உதவியாகக் கருதப்பட்டது. வழங்கிகள் எப்போதும் இணைப்பில் இராத காலம் அது. சில கணினிகள் இரவில் மட்டும் தொலைபேசி வழியாக இணையும். நம் நாட்டிலும் மைமோஸ் நிறுவனம் 1980களின் பிற்பகுதியில் நடத்திய ராங்கோம் என்னும் பிணையம் தொலைபேசி வழியாகவே மடல்களைப் பெற்று அனுப்பியது. அண்டைவீட்டார் தபாலை வாங்கி வைத்துக் கொடுப்பதுபோல் வழங்கிகள் ஒன்றுக்கொன்று துணைநின்றன. வாசலைப் பூட்டுவது பண்பற்ற செயலாக எண்ணப்பட்டது.

அந்த நம்பிக்கையை முதலில் அசைத்தது 1988 நவம்பர் 2. கார்னெல் பல்கலைக்கழகத்து ஆராய்ச்சி மாணவர் ராபர்ட் மாரிஸ் எழுதிய சிறு நிரல் அன்று இணையத்தில் பரவி ஏறத்தாழ ஆறாயிரம் கணினிகளை முடக்கியது என மதிப்பிட்டனர். அன்றைய இணையத்தில் பத்தில் ஒரு பங்கு அது. அந்நிரல் உள்ளே நுழைந்த வாசல்கள் கவனிக்கத்தக்கவை. எரிக் ஆல்மன் ஆக்கிய சென்ட்மெயில் என்னும் அஞ்சல் மென்பொருளில் பிழைதிருத்துவோர் பயன்பாட்டிற்காக ஒரு கட்டளை இருந்தது. அது திறந்திருந்தால் பெறுநர் முகவரி எழுதவேண்டிய இடத்தில் கணினிக்கே ஆணையிட முடியும். மற்றொரு வாசல் ஃபிங்கர் என்னும் சேவை. ஒரு கணினியில் இப்போது யார் பணியில் உள்ளார் என்று தொலைவிலிருந்து கேட்டால் அது சொல்லும். நற்பண்புடைய சேவைதான், அதற்கு அளவுக்கு மிஞ்சிய நீளமுடைய கேள்வியை அனுப்பினால் கணினியே கேட்டவர் வசமாகிவிடும்.

இரண்டும் அக்கணினிகள் பெரும்பாலானவற்றின் அன்றாடப் பணிக்குத் தேவைப்படாதவை. யாரோ ஒருவர் ஒரு காலத்தில் திறந்தார். மூட வேண்டும் என்று எவருக்கும் தோன்றவில்லை. வேண்டாத சேவைகளை நிறுத்துதல் என்னும் பாடம், வழங்கி அமைப்போருக்கு இன்று முதல் நாளே கற்பிக்கப்படுவதற்கு வேர் இங்கே உள்ளது. 1990களில் யூனிக்ஸ் வகைக் கணினியை நிறுவினால் ஃபிங்கர், டெல்நெட், வந்ததை அப்படியே திருப்பி ஒலிக்கும் எக்கோ, ஓயாமல் எழுத்துகளைக் கொட்டும் சார்ஜென் என ஒரு பட்டியல் தானே ஓடத் தொடங்கும். அமைப்புக் கோப்பில் ஒவ்வொரு வரியின் முன்னும் ஒரு குறியை இட்டு அவற்றை ஒவ்வொன்றாக உறங்க வைப்பதே நிருவாகியின் முதல் வேலை. அஞ்சல் வழங்கிக்குள்ளேயும் 'இப்பெயரில் ஒருவர் இங்கு உள்ளாரா' எனக் கேட்கும் கட்டளை உண்டு. அதுவும் மூடப்பட்டது, முகவரிகளை அறுவடை செய்வோர் அதனைக் களமாக்கிக்கொண்டனர். நம் நாட்டில் இத்தகைய இடர்களைக் கவனிக்க மைசெர்ட் என்னும் குழு 1997இல் அமைந்தது.

இதற்கிடையில் தமிழ் மடல் எழுதப்படத் தொடங்கிவிட்டது. மலேசியத் தமிழர் இதில் முன்வரிசையில் நின்றனர் என்பதைப் பெருமைக்காக அன்று, செய்தியாகவே கூறுகிறேன். மலேசியாவில் பிறந்து சிட்னியில் வாழ்ந்த பாலா பிள்ளை 1990களின் நடுவில் தமிழ்.நெட் என்னும் மடற்குழுவை நடத்தினார். மலேசியரான முத்து நெடுமாறன் ஆக்கிய மென்பொருளின் பெயரே முரசு அஞ்சல். சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமி உழைத்தார். சுவிட்சர்லாந்தில் வாழ்ந்த கு. கல்யாணசுந்தரம் உள்ளிட்டோர் 1998 பொங்கலன்று மதுரைத் திட்டத்தைத் தொடங்கினர். மடற்குழு என்பது தன்னளவில் ஓர் இடைநிலையமே. ஒருவர் எழுதிய மடலைப் பெற்று நூற்றுக்கணக்கானோர்க்கு அது அஞ்சல் செய்கிறது. சிட்னியிலும் கோலாலம்பூரிலும் லோசானிலும் இருந்தோர் ஒரே திண்ணையில் அமர்ந்ததுபோல் தமிழில் வழக்காடியது அதனால்தான்.

தொடக்கத்தில் இவர்களும் தந்திக் காலத்து வழியையே பின்பற்றினர். ரோமன் எழுத்தில் எழுதினர். ஆனால் ஆஸ்கியில் பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் வேறு வேறு. ஆகவே சிறிய எல் லகரத்திற்கு, பெரிய எல் ளகரத்திற்கு, இசட் ழகரத்திற்கு என்ற வழக்கு தோன்றிற்று. மோர்ஸ் மறுத்ததை ஆஸ்கி தந்தது. எனினும் ஒரு சொல்லின் நடுவே பெரிய எழுத்து தலைதூக்கி நிற்கும் அந்த எழுத்துமுறையைப் படிப்பது, கல்லும் உமியும் கலந்த அரிசியை உண்பது போன்றது.

தமிழ் வரிவடிவிலேயே எழுதுதற்கு ஏழு பிட் போதாது. எட்டாம் பிட் வேண்டும். 1990களின் இறுதியில் மடற்குழு விவாதங்கள் வழியாகவே உருவான டிஸ்கி என்னும் குறியேற்றம், கீழ்ப்பாதி 128 இடங்களை ஆங்கிலத்திற்கு விட்டுவிட்டுத் தமிழை மேற்பாதியில் குடியேற்றியது. மேற்பாதிக்கும் கீழ்ப்பாதிக்கும் இடையிலுள்ள வேறுபாடு அந்த எட்டாம் பிட் ஒன்றே. இங்கேதான் இடைநிலையத்தின் முதற்கடமை சோதனைக்குள்ளானது. 1982இன் விதியை எழுத்தெண்ணிப் பின்பற்றிய வழங்கி, கடந்து செல்லும் மடலின் எட்டாம் பிட்டைச் சுழியாக்கிவிடும். அதன் பார்வையில் அது பிழையன்று, விதிப்படி ஒழுகுதல்.

அவ்வாறு சுழியாக்கினால் டிஸ்கியில் என்ன நிகழும் என்பதை மாணவர்கள் தாளில் கணக்கிட்டே பார்க்கலாம். ஒவ்வொரு தமிழ்க் குறியும் 128 இடம் கீழே விழும். 'அ' கூட்டல் குறியாகும். 'ச' முக்காற்புள்ளியாகும். 'ப' மின்னஞ்சல் முகவரியின் நடுவில் நிற்கும் அட் குறியாகும். 'ம' முதல் 'ன' வரையுள்ள ஒன்பது உயிர்மெய்களும் ஆங்கிலத்தின் முதல் ஒன்பது பெரிய எழுத்துகளாகும். புள்ளி பெற்ற மெய்களுள் முதற் பதினைந்தும் எல் தொடங்கி இசட் ஈறாகச் சிறிய எழுத்துகளாகும். 'க' என்பது 8 ஆகும். பழைய தமிழ் எண்ணில் 'க' என்றால் ஒன்று; இடைநிலையம் ஒன்றை எட்டாக்கிக் கொடுத்தது.

அக்காலத்தில் எனக்கும் இவ்வாறு சில மடல்கள் வந்ததுண்டு. திரையில் நிறைந்த கூட்டல் குறிகளையும் அட் குறிகளையும் கண்டு, கணினிக்குக் காய்ச்சல் கண்டுவிட்டதோ என்று எண்ணினேன். பின்னர் ஒரு தாளில் எழுத்து அட்டவணையை எழுதிவைத்துக்கொண்டு, கல்வெட்டுப் படிப்பதுபோல் ஒவ்வொரு குறியையும் மேலே ஏற்றிப் படித்தேன். முழுவதும் தமிழான வாக்கியம் திரும்பக் கிடைத்தது. ஆங்கிலமும் எண்ணும் கலந்த வாக்கியம் கிடைக்கவில்லை. அங்கே நிற்கும் 8 என்பது உண்மையான எட்டா, வீழ்ந்த ககரமா? பெரிய எழுத்தாகிய ஏ ஒரு பெயரின் முதலெழுத்தா, வீழ்ந்த மகரமா? சூழலைக் கொண்டு ஊகிக்க வேண்டியதாயிற்று. இருமொழி கலந்து எழுதுவது நம் நாட்டவர் இயல்பாதலால் இழப்பும் நமக்கே மிகுதி.

இதற்குத் தீர்வு இரு வழியில் வந்தது. இரண்டும் தமிழர்க்கென வந்தவையல்ல. 1992இல் போரன்ஸ்டைன், ஃபிரீட் இருவரும் வகுத்த மைம் என்னும் முறை, எட்டு பிட் எழுத்தை ஏழு பிட் உடையில் பொதிந்து அனுப்பக் கற்றுக்கொடுத்தது. இடைநிலையம் எத்துணைப் பழமையானதாயினும் பொதி சிதையாது. விலையாக மடல் பருக்கும். ஒரு முறையில் டிஸ்கியின் ஓரெழுத்து மூன்றெழுத்தாகச் செல்லும். மற்றொரு தீர்வு, வழங்கிகள் வணக்கம் சொல்லும்போதே 'எட்டு பிட்டையும் மாற்றாமல் கடத்துவேன்' என முன்கூட்டி அறிவிப்பது. 1994 வாக்கில் இது நெறிமுறையாயிற்று. முரசு அஞ்சல் முதலியவற்றைப் பயன்படுத்தியோர் அனுப்பும் முன் அமைப்பில் மைம் பொதிவைத் தெரிவு செய்யவேண்டும் என ஒருவர்க்கொருவர் சொல்லிக்கொடுத்த காலம் அது. 1999 ஜூனில் தமிழ்நாட்டரசு டாம், டாப் என்னும் குறியேற்றங்களை ஏற்றது. 2000இல் சிங்கப்பூரில் உத்தமம் அமைந்தது. 2001இல் தமிழ் இணைய மாநாடு கோலாலம்பூரில் கூடியது. குறியேற்றச் சண்டைகள் பலவற்றை விரித்தால் இவ்வுரை நீளும். யூனிகோடு பரவியதும் அச்சண்டை ஓய்ந்தது. 'தமிழ்' என்னும் சொல் யூனிகோடில் ஐந்து குறிகள். யூடிஎஃப்-8 வடிவில் 15 பைட். மைம் பொதியில் 20 எழுத்து. இன்று நாம் அதனைக் காண்பதில்லை. இடைநிலையங்கள் மாற்றாமல் கொடுக்கப் பழகிவிட்டன.

அவை அவ்வாறு பழகிய அதே ஆண்டுகளில் இரண்டாம் கடமை நெருக்கடியாயிற்று. வேண்டாத விளம்பர மடல் புதிதன்று. 1978 மே 3இல் டிஜிட்டல் நிறுவனத்தைச் சேர்ந்த கேரி துர்க் ஏறத்தாழ நானூறு பேர்க்கு ஒரு விற்பனை மடலை அனுப்பினார். 1990களில் அது வணிகமாயிற்று. ஆர்எஃப்சி 821 ஒரே மடலுக்குக் குறைந்தது நூறு பெறுநரையேனும் வழங்கி ஏற்கவேண்டும் என்கிறது. தொலைபேசி இணைப்பில் அமர்ந்த ஒருவர் ஒரு படியை ஒருமுறை அனுப்பினால் போதும். யாருக்கும் அஞ்சல் செய்யும் நல்லெண்ணமுள்ள வழங்கி அதை நூறாக்கித் தன் செலவில் கொண்டுசேர்க்கும். பழியும் அதற்கே. இத்தகைய திறந்த இடைநிலையங்களை உலகெங்கும் தேடிப் பிடித்துப் பயன்படுத்தினர். பள்ளிகளிலும் சிறு நிறுவனங்களிலும் நிறுவியபடியே விடப்பட்ட வழங்கிகள் அவர்களுக்கு எளிதில் கிடைத்தன. அவற்றின் முகவரிகளைத் தொகுத்துத் தடைப்பட்டியல் வெளியிடுவோர் 1997 முதல் வலுப்பெற்றனர். ஆசிய நாடுகளின் எண்தொகுதிகளை மொத்தமாகவே தடுத்த நிருவாகிகளும் மேலைநாடுகளில் இருந்தனர். குற்றம் செய்யாதார் மடலும் அதனால் திரும்பிற்று.

1998இல் வெளிவந்த சென்ட்மெயில் 8.9 முதன்முறையாக வாசலை மூடியபடியே வந்தது. திறக்க விரும்புவோர் தாமே திறக்கவேண்டும். 1999 பிப்ரவரியில் ஆர்எஃப்சி 2505 அதனையே பொதுவழக்காக அறிவுறுத்தியது. எல்லோரும் உடன்பட்டனர் என எண்ணவேண்டா. இணைய உரிமைகளுக்காகப் போராடிய ஜான் கில்மோர் தம் வழங்கியைத் திறந்தே வைத்திருந்தார். பிறர் செய்யும் குற்றத்திற்காக உதவி செய்வதையே குற்றமாக்குவது முறையன்று என்பது அவர் வாதம். 2001இல் அவருக்கு இணைப்பு வழங்கிய நிறுவனம் அதனைத் தடுத்தது. நான் கில்மோர் பக்கம் இல்லை. ஆனால் அவர் எழுப்பிய வினாவை எளிதில் தள்ளிவிடவும் என்னால் இயலவில்லை. தந்தி நிலையத்துப் பணியாளர் செய்தியைப் படித்தே ஆகவேண்டியவர். இயந்திரமோ படிக்காமல் கொடுத்தது. இப்போது அது மீண்டும் 'நீ யார், யாருக்கு' எனக் கேட்கத் தொடங்கியது.

அக்கேள்வியின் இலக்கணம் சுருக்கமானது. மடலை அனுப்புவோர் நம் பிணையத்தைச் சேர்ந்தவராக அல்லது கடவுச்சொல்லால் தம்மை மெய்ப்பித்தவராக இருத்தல் வேண்டும். அல்லது பெறுநர் நம் களப்பெயருக்கு உரியவராக இருத்தல் வேண்டும். இவற்றுள் ஒன்றும் பொருந்தாவிடின் மறுக்க வேண்டும். வீட்சே வெனிமா 1998இல் வெளியிட்ட போஸ்ட்ஃபிக்ஸ் என்னும் மென்பொருளில் இது ஓரிரு வரிகளில் அமைகிறது. நம் பிணையத்தின் எண்தொகுதியை ஒரு வரி சொல்லும். உரிமையில்லாத இலக்கை மறுக்க ஒரு வரி ஆணையிடும். பள்ளியொன்றில் பல கணினிகள் இருந்தால் அவை ஒவ்வொன்றும் வெளியுலகோடு பேச வேண்டுவதில்லை. ஒன்று மட்டும் இடைநிலையமாக நிற்கும். ஏனையவை வெளியிலிருந்து எதனையும் ஏற்காமல் தம் மடலை அதனிடம் ஒப்படைத்துவிடும். பயனர் தம்மை மெய்ப்பித்து மடல் கொடுக்கும் வாசலுக்கு எண் 587. வழங்கிகள் தமக்குள் பேசும் வாசலுக்கு எண் 25. எஞ்சிய வாசல்களுள் பயன்படாதவற்றை மூடிவிடுவர்.

வேண்டாத சேவையை மூடுதல் நல்லது என்பதில் எனக்கு ஐயமில்லை. எது வேண்டாதது என முடிவு செய்பவர் யார் என்பதில்தான் ஆசிரியர்கள் அக்கறை கொள்ளவேண்டும். 2010, 2011ஆம் ஆண்டுகளில் இலங்கை, இந்தியா, சிங்கப்பூர் என்னும் பெயர்கள் தமிழ் எழுத்திலேயே இணையத்தின் மேல்நிலைக் களப்பெயர்களாயின. 2012 பிப்ரவரியில் ஆர்எஃப்சி 6531 முகவரியின் முற்பகுதியையும் தமிழில் எழுத வழி திறந்தது. அதுவரை மடலின் உள்ளே மட்டும் தமிழ் இருந்தது; உறைமேல் ஆங்கிலமே இருந்தது. இப்போது உறையையும் தமிழில் எழுதலாம். ஆனால் களப்பெயரை ஆஸ்கி வடிவாக மாற்றிச் சமாளிக்க இயல்வதுபோல், ஆளின் பெயரை மாற்ற இயலாது. வழியிலுள்ள ஒவ்வோர் இடைநிலையமும் 'இவ்வகை முகவரியை ஏற்பேன்' என வணக்கத்தின்போதே அறிவிக்க வேண்டும். அடுத்த நிலையம் அறிவிக்கவில்லையெனில் மடலை அனுப்பியவருக்கே திருப்ப வேண்டும் என்பது விதி. எட்டாம் பிட்டுக் கதை உறைமேல் மீண்டும் நிகழ்கிறது. ஒரு வேறுபாடு, இம்முறை மடல் சிதைவதில்லை, நின்றுவிடுகிறது.

2015இல் வெளிவந்த போஸ்ட்ஃபிக்ஸ் 3.0 இவ்வசதியைத் தன்னுள் கொண்டது. அமைப்புக் கோப்பில் அதற்கும் ஒரு வரி உண்டு. ஆம் அல்லது இல்லை. வேண்டாதவற்றை மூடும் பட்டியலை எழுதும் நிருவாகி, தமிழ் முகவரியிலிருந்து ஒரு மடலும் தமக்கு வந்ததில்லை என்று கண்டு 'இல்லை' எனக் குறித்தால் அவரைக் குறைகூற இயலாது. யாரும் பயன்படுத்தாததால் மூடப்படும். மூடப்பட்டதால் யாரும் பயன்படுத்தார்.

வகுப்பில் செய்து பார்க்கத்தக்க பயிற்சி ஒன்று உண்டு. தமிழகத்திலுள்ள பள்ளி ஒன்றிலிருந்து ஒரு தமிழ் மடலைப் பெறுங்கள். அதன் முழுத் தலைப்பகுதியைத் திரையில் விரியுங்கள். இடைநிலையங்கள் இட்ட முத்திரை வரிகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டிருக்கும்; கடைசியாகத் தொட்ட நிலையம் மேலே இருக்கும் ஆதலால் கீழிருந்து மேலாகப் படிக்க வேண்டும். ஒவ்வொரு வரியின் ஈற்றிலும் நேரமும், உலகப் பொதுநேரத்திலிருந்து அந்நிலையத்து நேரம் எவ்வளவு விலகியது என்னும் எண்ணும் இருக்கும். இந்திய நேரத்தில் இயங்கும் நிலையம் +0530 என்று எழுதும். நம் நேரத்தில் இயங்குவது +0800 என்று எழுதும். பல வழங்கிகள் எங்கிருந்தாலும் பொதுநேரத்தையே குறிக்கும் என்பதை மாணவர்களுக்குச் சொல்லிவிடுங்கள். இரண்டு எண்களையும் கண்டால், இடையில் எத்தனை வரிகள் உள்ளன என்று எண்ணச் சொல்லுங்கள்.